முக்கால் லிட்டர் தண்ணீர்

கருப்பசாமியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவருடைய கை அல்ல, என் கணக்கு! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் மேற்பார்வையாளன். இங்கிலாந்தில் ஓடித் தேய்ந்த மெஷின் ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டார். அச்சுத் தகட்டை ஈரமாக வைக்கும் தண்ணீரில் ஆசிட் திரவம் கலக்க வேண்டும். ஒரு காலன் தண்ணீருக்கு நான்கு அவுன்ஸ் என்றது மெஷினோடு வந்த புத்தகம். எங்களுக்கோ லிட்டரும் மில்லியும்தான் பழக்கம். ஆங்கிலம் படித்தவன் என்ற பெருமையில் நானே கைப்பேசியில் தேடி, ஒரு காலனுக்கு 3.8 லிட்டர் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அது அமெரிக்கக் காலன்... இங்கிலாந்துக் காலன் நாலரை லிட்டர்! முக்கால் லிட்டர் தண்ணீரை நான் விழுங்கிவிட்டேன்.

கருப்பசாமி இருபது வருடம் கையளவிலேயே கலவை போட்ட மெஷின்காரர். விரலை விட்டுப் பார்த்ததுமே சொன்னார்.

"சார், ஆசிட் சாஸ்தியா இருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிடட்டுமா?"

"சுவத்துல எழுதியிருக்கிறத மட்டும் ஊத்துங்க" என்றேன். நாலு பேர் முன்னால், சற்று உரக்கவே.

கலவையில் ஆசிட் கூடினால் மை காயாது. மறுநாள் பிரித்தபோது ஒரு லோடு லட்சுமி படமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. சீசன் ஆர்டர்.

முதலாளி கருப்பசாமியைத்தான் கூப்பிட்டார். "தாள்ல அளவு இருக்கையில கையளவுல எதுக்கு ஊத்துனீக? நாளையிலருந்து வர வேணாம்."

கருப்பசாமி என்னைப் பார்த்தார். அன்று காலையே என் பிழையை நான் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்தும்... தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய அளவை ஒட்டினேன். மை காய்ந்தது. முதலாளி என்னைப் பாராட்டினார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? பயமா? வெறும் பயம் என்றால்கூட என்னைத் தேற்றிக்கொள்வேன். ஒரு மெஷின்காரர் முன்னால் நான் தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

போன மாதம் ஆமத்தூர் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாராம்.

"வேற பிரஸ்ஸுல கூப்பிட்டாக சார். நான் போகல. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல. அன்னைக்கு உங்க தாளப் பாத்துத்தான் ஊத்துனேன், ஆனாலும் எங்கயோ பிசகிட்டேன் போல. உங்களுக்கும் சங்கடம். மன்னிச்சுக்கிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத விடுங்கண்ணே" என்றேன். அவரை மன்னித்தேன்... நான்!

பேருந்து வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். நான் இறங்கும்வரை உட்கார்ந்துதான் வந்தேன்.