நாற்பத்தேழாம் முகவரி

இது நடந்தது. நம்பாதவர்கள் தீபனைக் கேளுங்கள், பாசிர் கூடாங் ஊரில்தான் இருக்கிறான். ஆனால் கை குலுக்க நீட்டாதீர்கள்.

என் மனைவி விசாலி இறந்து ஒரு வருஷம். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வேலைகளாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். அன்று ஒரு தகடு அமுக்கும் தொழிற்சாலை. லீவு. பெரிய பிரஸ்ஸுக்குப் புதிதாக வைத்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க வேண்டும். அங்கே முகவரி தானாகக் கிடைக்காது. நாமே கையால் எழுத வேண்டும். கூட வந்த தீபன் பிரஸ்ஸுக்குள் கையை விட்டு சென்சார் மாற்றிக்கொண்டிருந்தான். பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியிருந்தோம். சாவி என் சட்டைப் பையில்.

அறுபது வரை முகவரிகள் நிறைந்திருந்தன. நடுவில் நாற்பத்தேழு மட்டும் காலி. யாராவது இருக்கிறார்களா என்று வழக்கம்போல் முதலில் பிங் அனுப்பிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அதையே பெட்டிக்கு எழுதினேன்.

"ஆச்சா அண்ணே?"

"எனக்கு ஆச்சி. நீதான் லேட்டு."

"நீங்க ஏர்கோன்ல உக்காந்து தட்டுறீங்க. நான் கிரீஸ்ல குளிக்கிறேன் லா."

மறுபடி பிங். லேப்டாப்பில் பதில் வந்தது. சரிபார்க்கப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன்.

பதில் நிற்கவில்லை.

கேபிள் என் கையில். பதில் வந்துகொண்டே இருந்தது...

'டங்'.

பிரஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டே இல்லாத பிரஸ்.

"தீபா, கைய எடு!"

"முடியல... யாரோ பிடிச்சிருக்காங்க அண்ணே!"

ஓடினேன். இடுப்பைக் கட்டி இழுத்தேன். உள்ளேயிருந்தும் இழுத்தது. மேல்பலகை இறங்கியது.

மெதுவாக...

எலும்பு நொறுங்கியது. ரத்தம் என் வாயில் அடித்தது.

பலகை மேலே போனது. விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தொழிற்சாலை சூப்பர்வைசர் காளிதாஸ் வந்தார்.

"என்ன நம்பர் போட்டீங்க?"

"நாப்பத்தேழு."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது முன்ன பிரஸ் ஓட்டுன ஐயாசாமியோட பெட்டி நம்பர். அந்த பிரஸ்லதான் அவர் செத்தாரு. பெட்டிய உருக்கியாச்சி. நம்பர மட்டும் யாருக்கும் குடுக்கிறதில்ல."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே, தம்பி."

தீபனின் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். பிரஸ்ஸில் கிடந்ததை வழித்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். அதைப் பற்றிக் கேட்டார்.

"இன்னொருத்தர் எங்க?"

"ஒருத்தர்தான் டாக்டர்."

"இல்லயே. ரெண்டு கட்டைவிரல் இருக்கு. ரெண்டுமே வலது கையோடது."