கண்ணாடியின் உள்பக்கம்

நூகுஸ் நகரத்தின் வடக்கு ஓரத்தில் உல்போசின் கார் கழுவும் கொட்டகை வைத்திருந்தாள். அவள் பெயருக்கு ‘ஆணாகப் பிறக்கட்டும்’ என்று பொருள். அடுத்த பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு வைத்த பெயர். ஆனால் அடுத்ததும் பெண்தான் பிறந்தது.

வற்றிப்போன கடலின் தரையிலிருந்து காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டும். அதன்மேல் நாலு தூறல் விழுந்து வெயிலில் காய்ந்தால் போதும், வண்டிக்கு அம்மை வார்த்ததுபோல் ஆகிவிடும். அவசரக்காரர்கள் வறட்டுத் துணியால் தேய்த்து, அந்த உப்பாலேயே பெயின்டைக் கீறிவிடுவார்கள். உல்போசின் முதலில் தண்ணீரை ஊற்றி உப்பைக் கரையவிடுவாள். நிழலில்தான் கழுவுவாள். குழாய்த் தண்ணீரும் உப்புதான் என்பதால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். அது தானாகக் காய்வதற்குள் துடைத்துவிடுவாள். அப்படியும் போகாத புள்ளிமேல் வினிகர் கலந்த நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைப்பாள். பிறகு நகத்தால் தடவிப் பார்ப்பாள். நகம் தட்டினால் கறை உள்ளே இறங்கிவிட்டது, இனி மெருகுப் பொடிதான்.

இதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டது கணவன் ஜுமாபாயின் காரில்.

ஜுமாபாய் நூகுஸுக்கும், வடக்கே பழைய கடற்கரையில் இருந்த முய்னாக்குக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டியவன். ஒரு வசந்தத்தில் பெரிய உப்புப் புயல் அடித்த நாளில் போனவன் திரும்பவில்லை. வெகுநாள் கழித்துச் சாலைப் பணியாளர்கள் அவன் காரைக் கிளைப் பாதையொன்றில் கண்டார்கள். கதவுகள் ஒழுங்காகச் சாத்தியிருந்தன. ஆளைக் காணோம். பிரதான சாலைக்குத் திரும்பியிருப்பான் என்று தெற்கே தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த காரில் வெள்ளை நிறம் எது, உப்பு எது என்று தெரியவில்லை. அந்தக் கோடை முழுவதும் உல்போசின் அதோடு மல்லுக்கட்டினாள். கார் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் தங்கள் வண்டியையும் கொண்டுவர, அதுவே பிழைப்பானது.

குளிர்காலம் வந்தபோது ஒருநாள் காரில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு பட்டு முன்கண்ணாடி மங்கியது. பக்கத்து இருக்கைக்கு நேரே, உள்பக்கத்தில், ஐந்து விரலும் விரித்த ஒரு கை மெல்லத் தெரிந்தது. ஜுமாபாயின் கை மண்வெட்டி மாதிரி இருக்கும். இது சின்னக் கை.

கொழுந்தன் எர்போலாத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இது பொம்பளைக் கை அண்ணி. அண்ணன் செத்தெல்லாம் போகல. எங்கயோ சொகமா குடும்பம் நடத்திட்டிருக்காரு. நீங்கதான் இங்க துணிய வச்சுத் தேய்ச்சிட்டுக் கெடக்கீங்க.”

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. உல்போசின் வினிகர் போட்டாள், மெருகுப் பொடி போட்டாள். துடைத்ததும் போய்விடும். அடுத்த குளிரில், மூச்சு பட்டால், அதே இடத்தில் அதே கை. உப்புத்தூசியும் வியர்வையும் வெயிலில் வெந்து கண்ணாடியைத் தின்றிருந்தன. இயந்திரம் வைத்து அழுத்தித் தேய்த்தால் போயிருக்கும். இயந்திரத்தைக் கையில் எடுப்பாள், மனம் வராமல் கீழே வைத்துவிடுவாள். அவனோடு கடைசியாக இருந்தது யாரென்று சொல்ல அதைவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருந்தது? சில காலைகளில் அந்தக் கை ‘வா’ என்பதுபோல இருக்கும், சில காலைகளில் ‘வராதே’ என்பதுபோல.

வருடங்கள் ஓடின. ஓர் இலையுதிர் காலத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள கசாக் நாட்டு எண்பலகை போட்ட கார் ஒன்று கொட்டகைக்கு வந்தது. ஓட்டிவந்தவள் பீஜமால் என்று பெயர் சொன்னாள். பேச்சு மட்டும் இந்தப் பக்கத்துப் பேச்சு. கார் முழுக்க உப்புப் புள்ளி. உல்போசின் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். வந்தவளோ உல்போசின் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் மூலையில் நின்ற வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தக் கார்ல கடைசியா ஏறினவ நான்தான்.”

உல்போசின் துணியைக் கீழே போடவில்லை. சொல்லு என்றாள்.

புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்து சாலையோரம் நடந்துகொண்டிருந்தாளாம் பீஜமால். ஜுமாபாய் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டானாம். புயல் பகலை இருட்டாக்கிவிட்டது. பாதை தவறி, எஞ்சின் தூசி அடைத்து நின்றது. அப்போது வடக்கே மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. எரிவாயு தோண்டுகிறவர்களின் முகாம்தான், உதவிக்கு ஆள் கூட்டிவருகிறேன், கதவைத் திறக்காதே என்று சொல்லித் துண்டை வாயில் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் உருவம் மறையும்வரை அவள் கண்ணாடியில் கையை வைத்தபடி இருந்தாள். அவன் வரவேயில்லை. காற்று அடங்கியதும் சாலைக்கு நடந்து, எல்லைக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டாள். வாயைத் திறந்தால் புருஷன் வீட்டார் தேடிவருவார்கள் என்ற பயம்.

“வடக்க போனாருன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாமே. தெக்கயே தேடினாங்க.”

“தெரியும் அக்கா. ஊர்ப்பேச்சு அங்க வரைக்கும் வந்துச்சு. அதான் வந்தேன்.”

பாதி ஈரமாய் நின்ற காரை அப்படியே விட்டால் மறுபடி புள்ளி விழும் என்பதால், உல்போசின் துடைத்து முடித்தாள். கடைசியில், நாளைக்கு அந்த இடத்தைக் காட்டு என்றாள்.

மறுநாள் எர்போலாத் ஜீப்பை ஓட்டினான். பழைய கடல்தரையில் வடக்கே வெகுதூரம் போனார்கள். முகாம் இருந்த இடத்தில் கான்கிரீட் மேடையும் துருப்பிடித்த குழாய்களும்தான் இருந்தன. உப்பைத் தடுக்கச் செடி நடுபவர்களின் காவலாளி ஒருவர் அருகே குடிசை போட்டிருந்தார். புயலடித்த அந்த வசந்தத்தைச் சொல்லி உல்போசின் முகாம் வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் விசாரித்தாள்.

“அப்ப இங்க ஏதும்மா வெளிச்சம்? அதுக்கு ரொம்ப வருசம் முன்னாடியே எல்லாத்தையும் பிரிச்சு ஏத்திட்டுப் போயிட்டாங்களே.”

“நானும் பார்த்தேன்,” என்றாள் பீஜமால். “ரெண்டு பேருமே பார்த்தோம்.”

காவலாளி நம்பாதவர்போல் சிரிக்கவில்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டு, “புயல் அடிக்கறப்ப நாங்க அந்தப் பக்கம் பார்க்கறதில்ல,” என்றார்.

எலும்பும் கிடைக்கவில்லை, துணியும் கிடைக்கவில்லை. இறந்தவர் பேரில் படைக்கக் கொண்டுபோன பொரித்த ரொட்டியைத் துணி விரித்து வைத்தார்கள். எர்போலாத் மண்டியிட்டு ஓதினான். பாதியில் நிறுத்தினான். அண்ணனைப் பேர்சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டான். பீஜமால் ஒதுங்கி நின்றாள். உல்போசினே போய் அவள் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தாள். மன்னித்தாளா என்றால், அது உல்போசினுக்கே தெரியாது.

ஊர் திரும்பியதும் ஆடு அறுத்துச் சாவுச் சோறு போட்டார்கள். ஜுமாபாய் ஓடிப்போனான் என்று பிறகு யாரும் சொல்லவில்லை. உல்போசின் இன்றும் கார் கழுவுகிறாள். உப்புக் காற்று எழும் நாளில் மட்டும் வடக்கு ஜன்னலுக்குப் பலகை அடித்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். வாடிக்கையாளர் கேட்டால் தூசிக்காக என்பாள்.

தூசியைத் தடுக்க ஜன்னல் கண்ணாடியே போதும். அது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.