தோளுக்குப் பின்னால் விழுந்த வல்லாரை

காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. ஜெனீரா டீச்சர் பதுளை வீட்டு அடுப்படியில் அம்மியைக் கழுவி வைத்துவிட்டுப் பெரியாயியை எதிர்பார்த்திருந்தாள். வந்தது பெரியாயியின் கணவன் ரெங்கசாமி. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான்.

"அவ போயிட்டா டீச்சரம்மா. விடியக்காலம் பீலிக்குத் தண்ணிக்குப் போனா. அங்கயே ஒக்காந்தவதான், எந்திரிக்கல."

1988 ஜூன் மாதம். பெரியாயிக்கு வயது முப்பத்தெட்டு. அன்று மாலைக்குள் அந்தச் செய்தி லுணுகலைக் கடைகளுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மடுல்சீமை லயங்களுக்கும் போய்விட்டது. ஒரு சமையல்காரி இறந்ததற்கு மலைநாட்டில் அத்தனை அடுப்புகள் அணைந்து கிடந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவள் பெயர் பதிந்தது பதினைந்து வயதில். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்தாள். எழுபத்தேழில் ஜெனீராவின் வீட்டுக்கு மசாலா அரைக்க வந்தாள். பயிற்சிக் கல்லூரியில் மனையியல் படித்த ஜெனீரா, சனிக்கிழமைகளில் டவுன் பெண்களுக்கு வீட்டிலேயே சமையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் ஒன்று தெரிந்துவிட்டது. பெண்கள் பாடத்தை டீச்சரிடம் எழுதிக்கொண்டார்கள். சந்தேகத்தைக் கொல்லைப்புறம் போய்ப் பெரியாயியிடம் கேட்டார்கள்.

"நீங்க சொல்றது கொப்பியில ஏறுது, அவ சொல்றது நாக்குல ஏறுது," என்று ஜெனீராவின் கணவர் தாஸிம் சிரித்தார். ஜெனீரா சிரிக்கவில்லை.

எண்பத்து நான்கில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தொலைக்காட்சியில் பெண்களுக்கான தமிழ் நிகழ்ச்சி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜெனீரா சமைத்துக் காட்ட வேண்டும். அவள் பெரியாயியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். நிகழ்ச்சியை நடத்திய ஸரூக் ஒழுங்கு செய்தது இப்படி: ஜெனீரா நடுவில் நின்று பேசுவாள், பக்கத்தில் நின்று பெரியாயி வெட்டுவாள், பிசைவாள், தாளிப்பாள். கேமரா அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே ஏறாது.

எட்டு மாதம் நாடு முழுவதும் அந்தக் கைகளைப் பார்த்தது. லயத்தில் மட்டும் யாரும் நம்பவில்லை.

"கை மட்டும் கொழும்புக்குப் போயிருச்சாக்கும்? ஒடம்ப எங்கடி வச்சிட்டு அனுப்புன?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியில் கேலி செய்தார்கள்.

பெரியாயி அதை ஒருநாள் மல்லி அரைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரே ஒரு தடவ மொகம் தெரிஞ்சாப் போதும் டீச்சரம்மா. அதுக்கப்புறம் எவ வாயத் தொறக்குறான்னு பாத்துக்கிறேன்."

"அது ஸரூக் மாஸ்டர்ட வேல பெரியாயி. நான் என்ன செய்யிற?" என்றாள் ஜெனீரா. அது முழு உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஸரூக்கிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த பெப்ரவரியில் வல்லாரைச் சம்பல் செய்தார்கள். விளக்குகளின் சூட்டில் ஜெனீரா வல்லாரையின் குணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியாயி கட்டை அவிழ்த்து இரண்டு கையாலும் இலைகளைக் கிள்ளத் தொடங்கினாள். கை நிறைந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் யோசிக்க விடவில்லை. கொழுந்தைக் கூடைக்குள் போடுகிற மாதிரியே, திரும்பிப் பாராமல், தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டாள்.

வல்லாரை பின்னால் நின்ற ஸரூக்கின் முகத்தில் விழுந்தது. கேமராக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கேமரா ஆடி மேலே எழும்ப, பெரியாயியின் முகம் முழுதாகப் படத்துக்குள் வந்தது. கண் விரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, மன்னிச்சிருங்க ஐயா! முதுகுல கூடை இருக்குன்னு நெனச்சிட்டேன்!"

மறுபடி எடுக்க நேரமில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸரூக் தலையில் இலையோடு, "அப்படியே போகட்டும், வேற வழியில்ல," என்றார்.

ஊர் திரும்பும் ரயில் தெமோதரை தாண்டியபோது ஜெனீரா, "எண்ட மானமே போச்சு," என்றாள். நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாளிலிருந்து பெரியாயி வேலைக்கு வரவில்லை. ஜெனீரா ஆள் அனுப்பவும் இல்லை.

பத்தாம் நாள் ஸரூக் ஒரு சாக்குப் பையைத் தபாலில் அனுப்பியிருந்தார். உள்ளே அத்தனையும் தபால் அட்டைகள். ஜெனீரா மேலே கிடந்ததை எடுத்தாள். மடுல்சீமையிலிருந்து ராசம்மா என்பவள் சொல்ல, யாரோ எழுதியது.

"நாங்க இருவத்தி மூணு பேரு, மலைக்குப் போறப்ப கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல பேட்டரி போட்டு டிவி பாத்தோம். அந்தம்மா எறிஞ்ச கீரை எங்க கூடையில வந்து வுழுந்த மாதிரி இருந்திச்சி. சிரிச்சி சிரிச்சி அழுதுட்டோம். அது எங்க ஆளு. எங்க ஆள ஏங்க இத்தன நாளா ஒளிச்சி வச்சிருந்தீங்க?"

ஜெனீரா அந்த அட்டையை மூன்று முறை படித்தாள். கேள்வி ஸரூக்குக்கு வந்ததுதான். பதில் சொல்ல வேண்டியவள் தான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று மத்தியானமே தாஸிமின் கடையிலிருந்து கொழும்புக்கு டெலிபோன் எடுத்தாள்.

"இனி அவ நடுவுல நிக்கட்டும். நான் பக்கத்துல நிண்டு சாமான் எடுத்துக் குடுக்கிறேன்."

"தோட்டத்துப் பேச்சுத்தானே பேசுவாங்க டீச்சர்?"

"பின்ன, எந்தப் பேச்சப் பேசச் சொல்றீங்க?"

பிறகு ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறினாள். எட்டு வருடத்தில் அவள் அந்த லயத்துக்குப் போவது அதுவே முதல் தடவை. பெரியாயி காம்பராவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "திட்ட வந்தீங்களா டீச்சரம்மா?" என்றாள்.

"கூட்டிட்டுப் போக வந்தேன். நல்ல சாரி ஒண்டு எடுத்து வை. இந்தத் தடவ ஒடம்பும் வருது."

'சமைப்பவர்: ஸ்பிரிங்வெளி பெரியாயி' என்று திரையில் எழுத்து விழுந்த மாலை, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நிற்க இடமில்லை. அவள் புட்டிங் செய்யவில்லை, கேக் செய்யவில்லை. கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்தாள். வெந்நீர் விட்டுப் பிசைந்தால் மலையில் பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் ரொட்டி மெதுவாக இருக்கும் என்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலக் கேமராவிடம் சொன்னாள். கேலி செய்தவர்களே கை தட்டினார்கள்.

"வீட்டுல எனக்கு ஆறுன ரொட்டி, ஊருக்கெல்லாம் சூடா?" என்றான் ரெங்கசாமி.

"நீங்களும் டிவியப் பாத்துச் சாப்புடுங்க, சூடாத்தான் இருக்கும்."

மூன்று வருடத்துக்கு மேல் அது நடந்தது. பதுளைச் சந்தையில் கீரைக்காரிகள் அவளிடம் காசு வாங்க மறுத்தார்கள். பண்டாரவளைக் கடைகளில் அவள் சொன்ன பெருஞ்சீரகம் மறுநாளே தீர்ந்துபோகும். தோட்டத்துத் துரையின் மனைவி ஒருநாள் லயத்துக்கே வந்து, பலகையில் உட்கார்ந்து, ஈரப்பலாக்காய்க் கறி எழுதிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கீரை கிள்ளும் இடம் வந்ததும் பெரியாயி ஒரு கைப்பிடியைத் தோளுக்குப் பின்னால் எறிவாள். அங்கே முறத்தோடு நின்று பிடிப்பது ஜெனீரா. பிடித்தால் கேமராக்காரர் விசிலடிப்பார். தவறினால் தபால் அட்டையில் ஜெனீராவுக்குத் திட்டு வரும்.

பெரியாயி இறந்த மறுநாள், தோட்டத்துச் சுடுகாட்டில் மடுல்சீமை ராசம்மாவும் நின்றாள். விடியற்காலையில் நடக்கத் தொடங்கியவள். ஜெனீராவின் கையைப் பிடித்து, "நீங்கதானே மொறம் புடிக்கிற அம்மா?" என்று கேட்டாள். ஜெனீரா ஆமாம் என்றாள். அதைவிடப் பெரிய பெயர் சொல்லி அவளை யாரும் அழைத்ததில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு மறுபடியும் வல்லாரைதான் முடிவாகியிருந்தது. இறப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் பெரியாயி ஜெனீராவின் அடுப்படியில் இரண்டு கட்டுகளை வைத்துக்கொண்டு ஆய உட்கார்ந்தாள். பஸ் வந்துவிட்டது, காலையில் வந்து முடிப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். ஒரு கட்டு முறத்தில் ஆய்ந்து கிடக்கிறது. மற்றக் கட்டு ஈரத்துணிக்குள் இருக்கிறது, இன்னும் நார் அவிழ்க்கவில்லை.