அண்ணனுக்கு அரைத்துக் கொடுத்த மஞ்சள் பூக்கொடி

ஆடி மாதம் பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. ஆலங்காயத்தில் அண்ணன் வீட்டில் தங்கி அவரைக் கவனித்துவந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், அவருக்குக் கஞ்சியை ஆற வைத்தேன். கஞ்சி ஆறுவதற்குள் செங்கத்திலிருந்து மாமா வந்துவிட்டார், பை நிறைய மஞ்சள் பூக்கொடியோடு.

எங்கள் அண்ணன் சந்தவாசலில் பிறந்தவர். அப்பா இளவயதில் மறைந்ததால் படிப்பை விட்டு, மலைக்கு மினி லாரி ஓட்டி, தங்கையான என்னைப் பட்டம் வரை படிக்க வைத்தார். குடிப்பழக்கம் அறியாதவர். யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாதவர். கல்லீரல் நோயில் படுத்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

மாமா கொண்டுவந்ததை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றார். காமாலைக்கு அதை மோரில் அரைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது வரப்பு ஈரத்தில் தானாக முளைப்பது. இலை நீளமாக, பிளவில்லாமல் இருக்கும். பையில் இருந்த இலையோ நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் அழகுக்குப் படரவிட்ட கொடி; நாய்கள் காலைத் தூக்கும் இடம். பையைத் திறந்ததுமே மூத்திர வாடை அடித்தது. சொன்னேன்.

“பூ மஞ்சாதானேம்மா? அப்புறம் இன்னா? படிச்சவங்களுக்கு எதுலயும் சந்தேகம்” என்றார் மாமா.

மோரில் அரைத்த பச்சிலை, மாத்திரையோடு சேர்ந்தால் முறிந்துவிடும் என்று, மாமா டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். பார்க்க வந்த உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்று குடிக்கச் சொன்னார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மாலை வரை பச்சையாக வாந்தி எடுத்தார். அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று அவர்களுக்கு மகிழ்ச்சி. துணியை அலசியது அண்ணியும் நானும்.

தை மாதம் அண்ணன் மறைந்தார். பச்சிலையை நாங்கள் நிறுத்தியதால்தான் போனார் என்று பதினாறாம் நாள் பந்தியிலேயே பேசினார்கள். எச்சில் இலையை எடுக்குமுன் வந்த அந்தப் பேச்சு, வாந்தித் துணியைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த லாரி நண்பர்களுக்கும், இரவெல்லாம் விழித்திருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பச்சிலையை நிறுத்தியது நாங்கள் அல்ல.

ஆடி பதினொன்று காலை, மாமா மறுபடியும் டம்ளரோடு வந்தார். அண்ணன் தானே எழுந்து உட்கார்ந்தார்.

“கோச்சிக்காதீங்க மாமா. இத இனிமே குடிக்க மாட்டேன். நீங்க காபி சாப்டுட்டுப் போங்க” என்றார்.

பிறகு அண்ணியிடம் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார்.