படத்தில் இல்லாத பொட்டு

ஒரு படத்தில் இல்லாத பொட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவரை என்ன செய்துவிடும்? படித்தவள்தான் நான், ஒன்றும் செய்யாது என்று சொல்லத் தெரியும். ஆனாலும் இன்றுவரை அதை உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும். அப்பா கட்டாரில் வேலை செய்தார். ஓவியம் படித்துவிட்டு வந்த மாமா, அம்மாவின் தம்பி, வாவியைப் பார்த்த எங்கள் விறாந்தையில் அம்மாவை இருத்தி வரையத் தொடங்கினார். ஸ்டூடியோப் படம்போல வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ பச்சை முகம். பாதி நேரே பார்த்தது, பாதி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கழுத்து கொக்கினுடையது. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அக்காவையா கீறினீங்க, ஆத்துக்க கிடந்த மீனையா?"

"மீனெண்டா இவ்வளவு கதைச்சிருக்காது," என்றார் மாமா. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு கொக்கட்டிச்சோலையிலிருந்து மாமி, அப்பாவின் அக்கா, மண் முட்டியில் தயிரோடு வந்தார். பச்சை நிறத்தை மன்னித்தார். இரண்டு மூக்கையும் மன்னித்தார். நெற்றியில்தான் அவர் கண் நின்றது.

"பொட்டு எங்ககா?"

"அவ கழட்டி வச்சிட்டுத்தான் இருந்தவ, மச்சாள்," என்றார் மாமா.

மாமி அம்மா பக்கம் திரும்பினார். "என்ட தம்பி அங்க உசிரோட இருக்கக்குள்ள இதென்ன கோலம்?"

அம்மா தயிர் முட்டியை உள்ளே கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வரும் அப்பாவின் அழைப்பு அந்த வெள்ளி வரவில்லை. அம்மா போனை மடியிலேயே வைத்திருந்தார். காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி ஓரத்தில் அம்மா ஒட்டிவைக்கும் பழைய பொட்டுகளை எடுத்து வந்தேன். ஆனால் படத்தில் நெற்றியின் நடு எது? நேர் முகத்துக்கு ஒன்று, பக்க முகத்துக்கு ஒன்று என வைப்பதே பாதுகாப்பு. பசை போயிருந்ததால் பின்னால் சோற்றுப் பருக்கையை நசுக்கி அழுத்தினேன்.

அடுத்த நாள் அப்பா பேசினார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். எனக்கல்லவா தெரியும்.

மாமா படத்தைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்றார். குளித்துவிட்டு வந்த அம்மா சிரிக்கவில்லை. நகத்தால் மெல்ல இரண்டையும் உரித்தார். ஒன்றைச் சோற்றுப் பசையோடே தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

"எனக்கு இது ஒண்டே காணும், மகள். அவ அப்படியே இருக்கட்டும்."

அந்த 'அவ' யார் என்று எனக்கு விளங்கவில்லை. படத்தில் இருப்பது அம்மா என்றுதானே எல்லோரும் சண்டை பிடித்தார்கள்?

விடுமுறையில் வந்த அப்பா எதுவும் கேட்காமல் ஆணியடித்து அதைக் கூடத்தில் மாட்டினார்.

இப்போது என் கணவரும் அடுத்த மாதம் வேலைக்கு டோஹா போகிறார், அதே கட்டார். அம்மா படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து, "உன்ட வீட்டில இருக்கட்டும்," என்று தந்துவிட்டார். உள்ளே வருகிறவர்கள் முதலில் காணும் சுவரில் மாட்டத்தான் எனக்கு ஆசை. எங்களுடன் இருக்கும் கணவரின் தாயார் இன்னும் அதைப் பார்க்கவில்லை. போகப்போவது அவருடைய மகன். அவரிடம் நான் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது? இப்படியொரு படத்தை வீட்டில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.