கிணற்றைக் கேட்கச் சொல்லவில்லை ராவுத்தர்

மேலூர் சாலையில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு போன மாயாண்டி, வண்டியை நிறுத்தாமலே சத்தம் போட்டுச் சொன்னான்: “பெரியப்பா, கரண்டி ராவுத்தர் காலையில மௌத்தாயிட்டாராம். சாயங்காலம் அடக்கமாம்.”

நான் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மாயாண்டி கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். “எம்புட்டுப் பெரிய வாக்கு சொன்ன மனுசன்! கரண்டியைக் கேக்காதே, கிணத்தைக் கேளுன்னாருல்ல!” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. மனிதர் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. அதற்குள் அவர் சொல்லாத சொல் வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

கோரிப்பாளையம் மீரான் ராவுத்தரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்லவே எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வருகிறது. பல்லெல்லாம் போன பிறகு, போன வருடம்தான் எங்கள் ஊர் வாசகசாலையில் எழுத்துப் படித்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் சுருட்டு அணைந்துவிடும். இருந்தாலும் ‘ழ’ ஒழுங்காக வளைந்து வந்துவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கரும்பு கடிப்பது போல அப்படி இனிக்கிறது. எழுத வேண்டிய சங்கதி மட்டும் கசக்கிறது.

ராவுத்தருக்குப் பழைய இரும்புக் கடை. கடை வாசலில் ஒரு பாதாளக்கரண்டி தொங்கும். கிணற்றில் விழுந்த குடம், வாளியைக் கொக்கியில் மாட்டி எடுக்கிற கருவி அது. எங்கள் பக்கம் அவர் வைத்திருந்ததுதான் பெரியது, கொத்துக் கொத்தாய் வளைந்த கொக்கிகள். கேட்கிறவர்களுக்கெல்லாம் கூலியில்லாமல் கொடுப்பார். ஆனால் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ராவுத்தர் அதற்கு மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஈடு வைக்கிற பாத்திரம் தினமும் புழங்குகிற பாத்திரமாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு புண்ணியவான் அடி ஓட்டையான அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராவுத்தர் அதைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, “இதை வச்சுக்கிட்டு நான் என்ன மாப்ள செய்ய? மழைக்கு ஒதுங்கக்கூட ஆகாதே. போய் நீ சோறு வடிக்கிற பானையைக் கொண்டா. அப்பத்தான் பொழுது சாயறதுக்குள்ள என் கரண்டி வீடு வந்து சேரும்” என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். அண்டாக்காரரும் சிரித்தார்.

அந்தக் கரண்டியை நானும் ஒருநாள் வாங்கப் போனேன். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தை ஈடாக வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் தாமே தோளில் போட்டுக்கொண்டு, “நட மாப்ள” என்று என்னோடு வந்தார்.

என் மூத்த மகனுக்குக் கட்டிவந்த பெண் பேச்சி, என் முதலாளி தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போயிருந்தாள். நான் அந்தக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை ஓட்டியவன். மாடு போய்வருகிற ஒரு பக்கம் திறந்துதான் கிடக்க வேண்டும், அதில் குற்றமில்லை. மற்ற மூன்று பக்கமும் திறந்தே கிடந்தது. கைப்பிடிச் சுவர் என்று ஒரு முழ உயரம்கூடக் கிடையாது. ஊருக்கே குடிதண்ணீர் அங்கேதான். மழை பெய்து ஓய்ந்த காலை, கல் வழுக்கியது, அவ்வளவுதான். அந்தக் கரண்டிதான் அவளை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் பேச்சியின் அண்ணன்மார் அந்தக் கரண்டியைக் கொண்டுபோய் ஓடைக் கள்ளிப்புதருக்குள் எறிந்துவிட்டார்கள். பிணம் தொட்ட கரண்டி, வீட்டுக்குள் வந்தால் இன்னொரு ஆளைக் கேட்கும் என்றார்கள். சில நாள் கழித்து, அந்த அண்ணன்மார் எங்கள் வீட்டில் இருந்தபோது, ராவுத்தர் வந்தார். கரண்டி திரும்பாமல் ஈட்டைத் தருவதில்லை என்பது அவர் சட்டம். அன்று எங்கள் குடத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குடத்தை வாசலில் வைத்துவிட்டு, “என் கரண்டி எங்க?” என்றார்.

“அதை மறந்துருங்க பாய். அது கெட்டது” என்றான் அண்ணன்மாரில் பெரியவன்.

“கெட்டதா? என்ன கெடுதல் பண்ணுச்சு, சொல்லு.”

“தங்கச்சியைத் தொட்டதுல்ல.”

“தொட்டுத் தூக்கிக் குடுத்துச்சுப்பா. உங்க அம்மா முகத்தைப் பாத்து அழுதாகளே, அதுக்குக் குடுத்துச்சு” என்றார். பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “இரும்புக்கு ஒண்ணும் தெரியாது, கிணத்துக்கும் ஒண்ணும் தெரியாது. சுவரு வைக்காம கிணறு வச்சிருக்கிறவனைப் போய்க் கேளு.”

சொல்லிவிட்டு ஓடைக்குப் போனார். கள்ளி முள் கிழிக்கக் கிழிக்க அவரே உள்ளே புகுந்து கரண்டியை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிப் பழையபடி கடை வாசலில் தொங்கவிட்டார். ரொம்ப நாள் யாரும் அதைக் கேட்டு வரவில்லை. அவர் அதைக் கழற்றவும் இல்லை.

இனி எழுதப்போவது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம். முதலாளியின் காரியஸ்தர் காதுக்கு இந்தச் சொல் போயிருக்கிறது. அவர் அந்தச் சொல்லின் தலையை நறுக்கினார், நடுவை நறுக்கினார், மிச்சத்தை ஒட்டுப்போட்டு ஊரில் விட்டார். “பாயே சொல்லிப்புட்டாரு, கரண்டியைக் கேக்காதே, கிணத்தைக் கேளுன்னு. கிணறு காவு கேக்குது. கொடுத்துட்டாச் சாந்தியாயிரும்.” முதலாளி செலவில் ஒரு கிடாய் வந்தது. பூசணிக்காய் வந்தது. ஆள் விழுந்த கிணற்றுக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சை கட்டி, விளிம்பு நெடுகச் செவ்வந்தி மாலை போட்டார்கள். அந்த மாலையைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பை எழுத நான் படித்த எழுத்து போதாது. பேச்சியின் கால் வழுக்கிய கல்லின் மேலேயே ஒரு மாலை கிடந்தது.

விஷயம் கேட்டு ராவுத்தர் வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காரியஸ்தர் முன்னால் போய் நின்றார்.

“நான் கிணத்தைச் சொல்லலைய்யா. உங்க முதலாளியைச் சொன்னேன்.”

காரியஸ்தர் சிரித்தார். “பெரிய மனுசர் பேரை எதுக்கு பாய் இழுக்கிறீக? நீங்க சொன்னதைத்தான் நாங்க செய்றோம்.”

“கிணத்துக்கு மாலை போடச் சொன்னேனா? இம்புட்டு மாலைக்கு அலைஞ்சதுக்குச் செங்கலுக்கு அலைஞ்சிருந்தா இந்நேரம் சுவரு இடுப்புக்கு வந்திருக்குமே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காரியஸ்தர் கையைக் காட்ட, மேளக்காரர் ஓங்கி அடித்தார். அதற்கு மேல் ராவுத்தர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு இலை போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிப் போகும்போது ஊரார் என்ன சொல்லிக்கொண்டு போனார்கள் தெரியுமா? “பாய் சொன்ன மாதிரியே செஞ்சாச்சு” என்று.

இந்தப் பொருள் நல்லது, இந்தப் பொருள் கெட்டது என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு ஆள் ஒரு சாக்கு நிறையப் பழைய கால்விலங்குகளைக் கொண்டுவந்து கொட்டினார். துருப்பிடித்த வளையமும் சங்கிலியுமாகக் கிடந்தன. ராவுத்தர் காலை இழுத்து மடக்கிக்கொண்டார்.

“என்ன மாமா, இரும்புக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?” என்று நான் கிண்டலாகக் கேட்டேன்.

அரிவாள் என்றால் நெல் கருதும் அறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம் என்றார். பிறகு ஒரு வளையத்தைக் குச்சியால் புரட்டினார். “இதை வேற எதுக்கு மாப்ள வச்சுக்கிறது? ஆட்டைக் கட்ட ஆகுமா? தொட்டில் தொங்கவிட ஆகுமா? செய்யச் சொன்னவன் மனசு அப்படியே இதுல ஒட்டியிருக்கு. எனக்குக் கூசுது.”

“அப்ப இது கெட்ட பொருள்தானே?”

“இந்த உருவம் கெட்டது. உருக்கிட்டா இரும்புதான்.” அப்படியே சாக்கோடு வாங்கிக் கொல்லரிடம் அனுப்பி அத்தனையையும் வாளிப் பிடிகளாக அடிக்கச் சொன்னார். அந்த வாளிகள் செல்லூர் வரைக்கும் போய் விற்றன. இதையும் ஊர் விடவில்லை. “கெட்ட இரும்புன்னா பாய் தொடவே மாட்டாரு” என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் தொட்டார், உருக்கினார், வாளிக்குப் பிடி போட்டார். சொல்கிறவர்களுக்குத் தொடமாட்டார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அங்கே முடித்துக்கொண்டால் யாருக்கும் வேலையில்லை அல்லவா!

அன்று சாயங்காலம் ராவுத்தரின் ஜனாசாவுக்கு, அடக்கத்துக்குப் போனேன். தர்கா பக்கம் நல்ல கூட்டம். மேலூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மண் அள்ளிப் போட்டுவிட்டு நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மெதுவாக அதே நறுக்கிய சொல்லைச் சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் ஊர் வாலிபர்கள் ராவுத்தருக்கு அஞ்சலிக் கூட்டம் போடுவதாக ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நடுவில் பெரிய எழுத்தில், “‘கிணற்றைக் கேள்’ என்று அருளிய பெரியார்” என்று இருந்தது. அதற்குக் கீழே, கிணற்றுக்கு மறுபடியும் கிடாய், பூசணிக்காயோடு சாந்தி பூசை, உபயம் முதலாளி என்று இருந்தது.

“இதை யாருடா எழுதினது?”

“காரியஸ்தர் எழுதிக் குடுத்தாரு தாத்தா. அச்சுக்கூலி அவுகதான்.”

“அவர் சொன்னது இது இல்லையே.” முழுச்சொல்லையும் சொன்னேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அம்புட்டு நீளமா இருந்தா நோட்டீசுல இடம் பத்தாது தாத்தா” என்றான் ஒருவன்.

“கிடாய்க்கு இடம் இருக்கு. பூசணிக்காய்க்கு இடம் இருக்கு. முதலாளியைக் கேக்கிறதுக்குத்தான் இடம் பத்தலையாக்கும்!” நோட்டீசை அவன் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பினேன். கூட்டத்தில் பேசவும் மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

பாதி எழுதியபோது என் இளைய மருமகள் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கே போகிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை, அதே கிணறு. முந்தின நாள் தூறல் வேறு. இன்னும் அந்தக் கல்லில்தான் கால் வைத்து இறைக்கிறார்கள். அவள் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு எழுத்து ஓடவில்லை. ராவுத்தர் சொன்னதைச் சரியாகச் சொல்லவில்லை என்று ஊரைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேனே, சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் கிணற்றுக்குச் சுவர் வந்துவிடுமா என்று அப்போது தோன்றியது. அவர் அதை நினைவில் வைக்கச் சொல்லவில்லையே. போய்க் கேட்கத்தானே சொன்னார்.

காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு மதுரையில் இருக்கிற முதலாளி வீட்டுக்குப் போனேன். காரியஸ்தர் சந்தைக்குப் போயிருந்தது என் அதிர்ஷ்டம். முதலாளி தாழ்வாரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“முதலாளி, கிணத்துக்குக் கைப்பிடிச் சுவரு வேணும்.”

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “இம்புட்டு நாளா யாரும் என்கிட்ட வந்து கேக்கலையேப்பா.”

“கரண்டி ராவுத்தர் வந்தாருங்களே. கிடாய் வெட்டின மறுவாரம், இந்த வாசல்லதான் நின்னாராம்.”

“அவரா? கரண்டி விக்க வந்திருக்காருன்னுல்ல சொன்னாங்க. வேணாம்னு சொல்லச் சொன்னேன்.”

எனக்கு அவர் வாய்ச் சிவப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, “சுவரு எப்பங்க கட்டுவீக?” என்றேன்.

“அறுப்பு முடியட்டும், பாப்போம்.”

“சரிங்க. அறுப்பு முடியிறமட்டும் தினம் வந்து கேக்குறேன்” என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

ராவுத்தரிடமிருந்து பலர் பலவற்றைப் பெற்றிருப்பீர்கள். அவர் சிரிப்பு, அவர் கொடுத்த வாளி, விழுந்த நகையை மீட்டுத் தந்த நாள், எதுவாகவும் இருக்கலாம். எனக்கு அவர் விட்டுப்போனது இந்த வேலை. இன்று காலையும் வந்தேன். முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவர் செருப்பு வாசலில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.