ஒரே தடவை கூப்பிட்ட குரல்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வாங்கினேன், காய் உலர்த்த ஸ்டோர் கட்டினேன், ஜீப் ஓட்டினேன், மழையில் சரிந்த வீட்டை மறுபடி எழுப்பினேன். ஒருவனும் கை கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஊரே சொல்லும். சொல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

என் சின்ன வயதில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். "தமிழே பேசிக்கிட்டிருந்தா சாகுற வரைக்கும் காய்தான் எடுக்கணும்" என்று அப்பா ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்குள் மலையாளம் மட்டும். கம்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு அது கேட்டால் புரியும், பேச வராது. வீட்டுக்குள் காலை வைத்தால் வாயை மூடிக்கொள்வார். சட்டத்துக்குப் பின் பிறந்த தங்கையிடம் எல்லாமே கை ஜாடைதான். பெற்றவளின் குரல் அறியாமலே அவள் வளர்ந்தாள்.

ஒரு மத்தியானம், அம்மாவோடு நான் காய் எடுக்கையில் மூடுபனி இறங்கியது. பக்கத்துச் செடி தெரியவில்லை. கீழேயிருந்து "அம்மே" என்றது ஒரு சின்னக் குரல். ஒரே தடவை.

எல்லார் கையும் நின்றது. பனிக்குள் வழி தவறியவர் மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரே தடவை கூப்பிடுவது மனிதரில்லை, பதில் கொடுத்தால் கூட்டிப்போய்விடும். எங்கள் ஆட்களின் வழக்கம் அது.

"பேசாம இருடா." அம்மா என் வாயைப் பொத்தினார்.

"இங்க பேய்கூட மலையாளந்தான் பேசுது, மதினி" என்றார் பக்கத்து லயத்து அத்தை. யாரும் சிரிக்கவில்லை.

தங்கை லயத்தில் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தோம். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, லயத்துக்கு ஓடினார். பாய் காலி.

"ஏ பாப்பா! எங்கடி இருக்க?"

கீழே, குரல் வந்த பக்கம் ஓடினோம். சருகு மிதிபடும் ஓசை மட்டும் கேட்டது. அம்மா கத்தக் கத்த அது எங்களை விட்டு விலகி, பள்ளம் இருக்கும் பக்கமாக வேகம் பிடித்தது.

இப்போது நான் அம்மாவின் வாயைப் பொத்தி, அண்ணன்தான், அங்கேயே நில் என்று மலையாளத்தில் கத்தினேன். "மோளே, சேட்டனாடீ! அவிடே நில்லு!"

ஓசை நின்றது.

பள்ளத்து விளிம்பில் தங்கை நின்றிருந்தாள். அம்மா வாரித் தூக்கிக்கொண்டார். அவர் தோளில் முகம் வைத்தபடியே தங்கை என்னிடம் மலையாளத்தில் கேட்டாள்: கத்திக்கொண்டு துரத்தினாளே ஒரு பொம்பளை, அவள் போய்விட்டாளா?

அம்மா வழியெல்லாம் அழுதார். பிள்ளை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ராத்திரிதான் எனக்கு உறைத்தது. மறுநாளே அப்பாவுக்குத் தெரியாமல் தங்கைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் பாடம், மூன்று தடவை கூப்பிடுவது. இன்று அவள் பேரப்பிள்ளைகள் சண்டை போடுவதுகூடத் தமிழில்தான். விசேஷ வீடுகளில் அவள் தமிழை யாராவது மெச்சினால், "எல்லாம் அப்பா வளர்ப்பு" என்கிறாள். அப்பாவா? அடுத்த கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து அண்ணன் பெயரைச் சொல்லட்டும். மூன்று தடவை சொல்லட்டும். ஒரு தடவை சொன்னால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.